ஓவர்டைம் காசு கையில் எவ்வளவு நிற்கிறது?



போன சாரல் சீசனில் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா, கடன் தவணை எல்லாம் எழுதி முடிந்தது. ஒரு உறுப்பினர் எப்போதும்போல முதல் ஆளாகத் தவணையைக் கட்டினார். அவருடைய பாஸ்புக்கில் ஒரு மாதம்கூட பாக்கி கிடையாது. "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லக்கா" என்று சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "காசைக் கட்டிருதோம். ஆளைத்தான் பார்க்க முடியல" என்றார்.

அவர் வீட்டுக்காரர் தென்காசியில் பார்சல் வேன் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குக் கிளம்பினால், வேன் வேலை முடிய சாயங்காலம் ஐந்து மணி. அதோடு முடியவில்லை. ஆறு மணிக்குத் தன் பைக்கை எடுத்துக்கொண்டு லாட்ஜுகளுக்கும் வீடுகளுக்கும் ஹோட்டல் சாப்பாடு டெலிவரி செய்கிறார். வீடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகிவிடும். "அவுக வாரதுக்குள்ள பிள்ளைக தூங்கிருது. பிள்ளைக எந்திரிக்கதுக்குள்ள அவுக போயிருதாக" என்றார் அந்த அக்கா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் பாதி நாள் தூக்கம்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் டீச்சர், "அப்பா எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டாராம். பிள்ளை "வெளியூர்ல" என்று சொல்லியிருக்கிறது. அப்பா வேலை பார்க்கும் இடம் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தூரம்தான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் கூட்டமைப்பு உறுப்பினர் வீடுகளில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா போகிறார்கள். குட்டி யானையில் கடை கடையாகச் சரக்கு இறக்குகிறார்கள். சிலிண்டர் போடுகிறார்கள், தண்ணீர் கேன் போடுகிறார்கள், பார்சலும் சாப்பாடும் கொண்டு கொடுக்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரே பேச்சுதான்: கூட நாலு மணி நேரம் ஓடினால் நாலு காசு கிடைக்கும். அந்த நாலு காசு உண்மையில் எவ்வளவு, அதற்கு வீடு கொடுக்கும் விலை என்ன என்பதை இந்த இதழில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓவர்டைம் இரண்டு வகை

முதல் வகை, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் குறித்த நேரத்துக்கு மேல் ஓட்டுவது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் ஓட்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றிலும் 8 மணி நேரம், இரட்டிப்புக் கூலி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பவை உண்டு. தொழிலாளி சம்மதித்தால்தான் ஓவர்டைம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் சின்ன இடத்துக்கு எல்லாப் பிரிவும் ஒரே மாதிரி பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வகை, செல்போன் ஆப் மூலம் ஆர்டர் எடுத்து ஓடுவது. இங்கே ஓவர்டைம் என்ற பேச்சே இல்லை. ஓட்டுபவரை வேலையாள் என்று சொல்லாமல் 'பார்ட்னர்' என்று சொல்கிறார்கள். ஒரு ஆர்டருக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை இவ்வளவு என்று கணக்கு. அதனால் "இன்னும் ரெண்டு ஆர்டர் முடிச்சா இன்சென்டிவ் வந்திரும்" என்று நேரம் நீண்டுகொண்டே போகும். 2022 செப்டம்பரில் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்பவர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். புதிய நேர முறையில் பழைய வருமானத்தை எடுக்கவே கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் குறை.

நாம் சொன்ன அக்காவின் வீட்டுக்காரர் இந்த இரண்டு வகையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நோட்டும் பேனாவும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனோம். வீட்டுக்காரர் முதலில் பேச வரவில்லை. "வீட்ல இருந்தா கடன்காரன் மூஞ்சியப் பார்க்கணும் சார். அதுக்கு ரோட்ல ஓடலாம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். குடும்பத்தை வெறுத்து யாரும் ராத்திரி மழையில் ஓடுவதில்லை. "நீங்க ஓடுறது தப்புன்னு சொல்ல வரல. கணக்கு மட்டும் எழுதிப் பார்ப்போம்" என்று சொல்லி நோட்டை விரித்தோம்.

முதலில் வேன் வேலை. மாதச் சம்பளம் 15,000 ரூபாய், 26 நாள் வேலை. ஒரு நாளைக்கு 577 ரூபாய் வருகிறது. 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 72 ரூபாய். இரட்டிப்பு என்றால் 144. சாப்பாட்டு நேரம் போக அவர் தினமும் 10 மணி நேரம் ஓட்டுகிறார். கூடுதல் 2 மணி நேரத்துக்கு 288 ரூபாய் வர வேண்டும். அவர் கையில் கொடுப்பது 'பேட்டா' என்று 100 ரூபாய். தினமும் 188 ரூபாய் குறைகிறது.

அடுத்து பைக் டெலிவரி. ஒரு சாயங்காலத்துக்கு நாலு மணி நேரம் ஓடி 320 ரூபாய் வருகிறது. அதில் கழிக்க வேண்டியது:

பெட்ரோல் ஒரு லிட்டர் (45 கிலோமீட்டர் ஓட்டம்): 102 ரூபாய்
டீ, வடை: 30 ரூபாய்
ஆயில், டயர், பிரேக் தேய்மானம்: 40 ரூபாய்
செல்போன் ரீசார்ஜ்: 10 ரூபாய்
மொத்தச் செலவு: 182 ரூபாய்
கையில் நிற்பது: 138 ரூபாய்

நாலு மணி நேரத்துக்கு 138 என்றால் மணிக்கு 34 ரூபாய் 50 காசு. அவர் அந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "320ன்னுல்லா நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். தேய்மானச் செலவு அன்றன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து டயர் மாற்றும்போது மொத்தமாகத் தெரியும். அதை யாரும் ஓவர்டைம் செலவில் எழுதுவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். வேன் வேலையில் தினமும் குறைவது 188 ரூபாய். அதை ஈடுகட்ட ராத்திரி பைக்கில் ஓடிச் சம்பாதிப்பது 138 ரூபாய். பகலில் முறையாக வர வேண்டிய காசு வந்திருந்தால் ராத்திரி ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

கணக்கில் வராத செலவுகள்

இதுவரை எழுதியது ரூபாய்க் கணக்கு. ரூபாயில் எழுத முடியாததும் இருக்கிறது.

முதலாவது, மனைவியின் ஓவர்டைம். அவர் நாலு மணி நேரம் கூடுதலாக ஓடினால் வீட்டில் நாமும் நாலு மணி நேரம் கூடுதலாக வேலை பார்க்கிறோம். பிள்ளைக்கு வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை, தண்ணீர் பிடிப்பது, ராத்திரி பத்தரைக்குச் சோற்றைச் சூடு பண்ணி வைப்பது எல்லாம் ஒரே ஆள் தலையில். இதற்குக் கூலி கிடையாது, பேட்டாவும் கிடையாது. அந்த அக்கா முன்பு சாயங்காலத்தில் பீடி சுற்றுவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அது பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த நஷ்டத்தையும் எழுதினால் 138 இன்னும் குறையும்.

இரண்டாவது, உடம்பு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை கால் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிலைக்கு மந்தமாகிவிடும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குடித்து வண்டி ஓட்டிய குற்றம். காலை ஐந்தரைக்கு எழுந்தவருக்கு ராத்திரி பத்தரைக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஒரு சொட்டு குடிக்காதவரும் அந்த நேரத்தில் குடித்தவர் நிலையில்தான் ஓட்டுகிறார். சாரல் விழுந்து ரோடு வழுக்கும் சீசனில் இது சின்ன விஷயம் இல்லை.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. அவர்கள் கணக்குப்படி, நீண்ட நேர வேலையால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள். நம் அக்காவின் வீட்டுக்காரர் வேனுக்கு 60, பைக்குக்கு 24 என்று வாரத்துக்கு 84 மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, பிள்ளைகள். குற்றாலத்தில் சீசன் தொடங்குவது ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன் மாதம். நோட்டு, சீருடை, வேன் கட்டணம் என்று காசு தேவைப்படும் அதே நேரத்தில்தான் புது வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அப்பாவும் தேவைப்படுகிறார். நமக்குச் சிக்கலே இதுதான்.

ஓட்டம் யாருக்காக?

நோட்டில் அடுத்த பக்கத்தில் "இந்தக் காசு எங்கே போகிறது?" என்று எழுதினோம். அப்போதுதான் அந்த அக்கா மெதுவாகச் சொன்னார். மாமியார் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வெளியில் 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு அஞ்சு வட்டி. மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறார்கள். ஒரு வருஷம் ஆகியும் அசல் அப்படியே இருக்கிறது.

1,000 ரூபாயை 138ஆல் வகுத்துப் பாருங்கள். மாதத்தில் ஏழு சாயங்காலத்துக்கு மேல் அவர் ஓடுவது வட்டிக்காக மட்டும். அந்த ஏழு நாளும் அவர் பிள்ளைக்காகவும் ஓடவில்லை, வீட்டுக்காகவும் ஓடவில்லை.

"குழுவில் ஏன்க்கா கேக்கல?" என்று கேட்டோம். "ஒரு கடன் நிக்கும்போது இன்னொன்னு கேட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். இதில் எங்கள் தவறும் இருக்கிறது. தவணை சரியாக வந்தால் நாங்கள் கைதட்டுவோம், அறிக்கையில் நூறு சதவீதம் என்று எழுதுவோம். அந்தத் தவணை எப்படி வருகிறது, யார் தூக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. இனிமேல் கேட்பது என்று களப்பணியாளர்கள் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

பிறகு என்ன செய்தார்கள்?

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் விஷயத்தை எடுத்துப் பேசினார். குழு தீர்மானம் போட்டு உள்கடனாக 20,000 ரூபாய் கொடுத்தது. நூற்றுக்கு ஒரு வட்டி, 20 மாதத் தவணை. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 200. பிறகு மாதா மாதம் வட்டியில் 10 ரூபாய் குறையும். முன்பைவிட மாதம் 200 ரூபாய் அதிகம்தான். ஆனால் முன்பு எத்தனை வருஷம் கட்டினாலும் கடன் முடியாது. இது 20 மாதத்தில் முடிந்துவிடும்.

வேன் ஓட்டும் ஐந்து பேரும் சேர்ந்து முதலாளியிடம் பேசினார்கள். தனியாகக் கேட்டால் "வேற ஆள் இருக்கு" என்று பதில் வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் ஒரு மாதம் வந்த நேரம், போன நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள். சண்டை போடவில்லை. கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு 100க்குப் பதில் 200 தர ஒத்துக்கொண்டார். சட்டப்படி இன்னும் 88 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. அதையும் கேட்போம் என்று இருக்கிறார்கள்.

200 ரூபாயானதும், பைக் ஓட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்று அவர் குறைத்துக்கொண்டார். கணக்கு எப்படி நிற்கிறது? பைக்கில் முன்பு மாதம் 3,588 ரூபாய் நின்றது. இப்போது சனிக்கிழமை ஓட்டத்தில் 552, வேனில் கூடுதலாக 2,600, ஆக 3,152. கடன் தவணையில் 200 கூடியிருக்கிறது. மாதம் 636 ரூபாய் துண்டு விழுகிறது. அவர் சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால் இவர் மறுபடியும் பீடி சுற்றி அதில் பெரும் பகுதியைச் சரிக்கட்டுகிறார். எல்லா மாதமும் சரியாக வருவதில்லை. பேங்கில் வைத்த கம்மல் இன்னும் திரும்பவில்லை. "இருந்தாலும் ராத்திரி நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம்" என்றார் அந்த அக்கா.

எல்லா வீட்டிலும் கணக்கு இப்படியே வராது. சில வீட்டில் ஓடித்தான் ஆக வேண்டும். அதற்கும் ஒரு எல்லை வைக்கலாம். எதற்காக ஓடுகிறோம், எவ்வளவு சேர வேண்டும், எந்தத் தேதியோடு நிறுத்துவது என்ற மூன்றையும் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். "சீசன் முடியட்டும்" என்றால் சீசன் முடிந்ததும் தீபாவளி வரும், தீபாவளி முடிந்ததும் பொங்கல் வரும்.

கூலியும் கேட்டார்கள், லீவும் கேட்டார்கள்

கூலி வேண்டுமா, ஓய்வு வேண்டுமா என்று யாராவது கேட்டால் நம் பக்கத்துச் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். தென்காசியும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்த காலம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். தொழிலாளர்கள் கூலி உயர்வும் கேட்டார்கள், வார விடுமுறையும் கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கவில்லை. மார்ச் மாதத்தில் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. இன்றைக்கு நம் வீட்டு ஓட்டுநருக்கும் இரண்டும் தேவைதான்.

பதிவு செய்துவிட்டீர்களா?

வண்டி ஓட்டும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் ஓட்டுநர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பிள்ளைகள் படிப்பு உதவி, திருமண உதவி, விபத்து மரணத்துக்கு நிவாரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் போன்றவை உண்டு. ஆப் மூலம் டெலிவரி செய்பவர்களுக்கு, தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் 2023இல் தனியாக அமைக்கப்பட்டது. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். விவரத்துக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை அணுகுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், போட்டோ எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். ஓட்டுபவருக்கு நேரம் இல்லை என்றுதான் பல வீட்டில் பதிவு தள்ளிப்போகிறது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய நம் களப்பணியாளர்கள் உதவுவார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் வண்டி ஓட்டுபவர் இருக்கிறார்? எத்தனை பேர் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்?

2. கூடுதல் நேரத்துக்கு என்ன கூலி தருகிறார்கள்? நேரத்தை நோட்டில் குறித்து வைக்கிறார்களா?

3. பெட்ரோல், தேய்மானம் போக மணிக்கு எவ்வளவு நிற்கிறது? வீட்டில் இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தீர்களா?

4. குழுவுக்குச் சொல்லாத வெளிக் கடன் யாருக்காவது இருக்கிறதா? அந்த வட்டிக்காக மாதம் எத்தனை சாயங்காலம் ஓட வேண்டியிருக்கிறது?

நான்காவது கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். சொல்லக் கூச்சப்படுபவர்கள் ஊக்குநரிடமோ எங்களிடமோ தனியாகச் சொல்லலாம். அவமானப்பட இதில் ஒன்றும் இல்லை. நாம் குழு ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

கணக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா வெளியூரில் இல்லை, நமக்காகப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.